பீஜ் கார்பெட்டுக்கு எந்தச் சாம்பல் சுவர்?

மார்ச் 4, காலை 9.20 | கேட்டவர்

கூடத்திலும் படுக்கையறையிலும் தரை முழுக்க பீஜ் கார்பெட். அதை மாற்றும் எண்ணம் இல்லை. சுவர் இப்போது வெளிர் மஞ்சள்; சாம்பல் அடிக்க வேண்டும். ஷேட் கார்டில் நீலமும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் தெரிந்த ஒரு சாம்பலைக் கூடத்தின் ஒரு சுவரில் அடித்துப் பார்த்தால் நீல ஊதா அடிக்கிறது. போதாக்குறைக்குக் கார்பெட் அழுக்கேறியது போலத் தெரிகிறது. சாம்பலும் பீஜும் சேரவே சேராதா, ஷேட்தான் தப்பா? ஜன்னல் பக்கம் நேர் வெயில் வராது. மரச்சாமான்கள் நடுத்தரப் பழுப்பு.

மார்ச் 4, காலை 10.05 | பெயிண்ட் கலப்பவர்

தாராளமாகச் சேரும். எடுத்த ஷேட்தான் சேரவில்லை.

எந்த நிறமும் கலக்காத சாம்பலை மஞ்சள் சாயலுள்ள ஒன்றின் பக்கத்தில் வைத்தால், கண் அதை மஞ்சளுக்கு எதிர்த் திசையில் தள்ளிவிடும். எதிர்த் திசையில் இருப்பது நீல ஊதா. பாரிஸின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் ஷெவ்ரலுக்குக் கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றுகிறது என்று கண்டுபிடித்து 1839-இல் விரிவாக எழுதினார். உங்கள் சுவரில் நடப்பதும் அதுதான். பாதிப்பு இரண்டு பக்கமும் உண்டு: நீலம் அடிக்கும் சுவருக்குப் பக்கத்தில் கார்பெட்டின் மஞ்சள் கூடித் தெரியும். அழுக்கு என்று நீங்கள் சொல்வது அந்தக் கூடுதல் மஞ்சளை.

இன்னும் இரண்டு காரணங்கள். வெள்ளை பேஸில் (நிறம் சேர்க்கும் முன் உள்ள பெயிண்டில்) லாம்ப் பிளாக் என்ற கரிக் கறுப்பு மட்டும் விட்டுக் கலந்த சாம்பல் தானாகவே கொஞ்சம் நீலம் அடிக்கும். நேர் வெயில் வராத ஜன்னலில் வருவது வானத்தின் ஒளி, அதுவும் நீலம். மூன்றும் ஒரே பக்கம் தள்ளியிருக்கின்றன.

ஷேட் கார்டை இப்போதைக்கு மூடிவையுங்கள். கார்பெட் மாறாது என்றால் கார்பெட்டில்தான் தொடங்க வேண்டும். அது எந்த பீஜ்?

மார்ச் 4, காலை 10.40 | பெயிண்ட் கலப்பவர்

பார்க்கும் முறை. பகலில், விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளை ஏ4 தாள் ஒன்றைக் கார்பெட் மேல் படுக்கவையுங்கள். தாளின் ஓரத்தையும் கார்பெட்டையும் ஒருசேரப் பாருங்கள். தனியாகப் பார்த்தபோது வெறும் பீஜாக இருந்தது தாளுக்குப் பக்கத்தில் தன் சாயலைக் காட்டிக்கொடுக்கும்: மஞ்சள், ரோஸ், பச்சை, அல்லது மண்ணும் சாம்பலும் கலந்த தவிட்டு நிறம். இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தாள் போதவில்லை என்றால் ஷேட் கார்டிலிருந்து நாலைந்து பீஜ் துண்டுகளை வெட்டிக் கார்பெட் மேல் வரிசையாக வையுங்கள். ஒன்று கார்பெட்டோடு கரையும், மற்றவை துருத்திக்கொண்டு நிற்கும். எந்த நிறமாகத் துருத்துகிறது என்பதிலிருந்து உங்கள் கார்பெட்டில் என்ன குறைவு, என்ன கூடுதல் என்று தெரிந்துவிடும். பச்சையாகத் துருத்தினால் உங்கள் கார்பெட் அதைவிட ரோஸ்.

கைபேசியில் படம் எடுத்துப் பார்க்காதீர்கள். அதன் தானியங்கி வெள்ளைச் சமன், நாம் தேடும் அந்தச் சின்னச் சாயலைத்தான் முதலில் அழித்துவிடும்.

மார்ச் 4, மதியம் 12.15 | கார்பெட் போடுபவர்

தாளை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். நடமாட்டமுள்ள இடத்தில் கார்பெட் ஒன்றிரண்டு படி கருத்து, சாம்பலாகிப்போயிருக்கும். சோபாவுக்கு அடியில் வெளிச்சமே படாமல் புதிது போல இருக்கும். ஜன்னலோரம் வெளுத்திருக்கும். மூன்றையும் பாருங்கள். எதற்கு நிறம் பார்ப்பது என்றால், நன்றாகச் சுத்தம் செய்து காய்ந்த பிறகு அறையின் நடுப்பகுதி இருக்கும் நிறத்துக்கு. அழுக்கோடு நிறம் பார்த்துச் சுவரை முடித்துவிட்டு, பிறகு கார்பெட்டைக் கழுவினால் ஒரு படி வெளிறி மஞ்சளோ ரோஸோ எழும்பிவரும். அதனால் சுத்தம் முதலில், நிறம் அடுத்து, பெயிண்ட் கடைசி.

வெட்டு இழைக் கார்பெட் என்றால் இழை சாய்ந்த பக்கம் நின்று பார்க்கும்போது கருத்தும், எதிர்ப்பக்கம் நின்றால் வெளிறியும் தெரியும். வாசலில் நின்று பார்க்கும் தோற்றத்தையே கணக்கில் வையுங்கள். சுருள் இழைக் கார்பெட்டில் பலநிறப் புள்ளிகள் இருந்தால் 3 மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்போது தெரிவது கூட்டு நிறம். அந்தப் புள்ளிகளில் சாம்பல் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். அதே சாம்பலின் வெளிறிய வடிவம் சுவருக்கு ஏறக்குறைய எப்போதும் பொருந்தும்.

மார்ச் 4, மாலை 5.50 | கேட்டவர்

தாள் வைத்துப் பார்த்தேன். கூடம் மஞ்சள். படுக்கையறை அப்படி இல்லை, ரோஸ் அடிக்கிறது. இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.

மார்ச் 4, இரவு 8.30 | பெயிண்ட் கலப்பவர்

அப்படியானால் இரண்டு அறைக்கும் இரண்டு கணக்கு.

மஞ்சள் பீஜுக்கு: சாம்பலிலும் துளி மஞ்சள் இருக்க வேண்டும். கையில் பிடித்துப் பார்த்தால் சாம்பலா பீஜா என்று சட்டென்று சொல்ல முடியாத ஷேட். தனியாகப் பார்த்து ‘இது சாம்பலே இல்லையே’ என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் கூடத்து வெளிச்சத்தில் சுவருக்குப் போனதும் அது சாம்பலாகத்தான் தெரியும். ஊதாவோ நீலமோ கலந்த சாம்பல் கூடவே கூடாது.

ரோஸ் பீஜுக்கு: பச்சை கலந்த சாம்பல் ஆகாது. பச்சைக்கு எதிர் ரோஸ், ஆகவே கார்பெட்டின் ரோஸ் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். ‘இதமான சாம்பல்’ என்று சொல்லப்படும், மஞ்சளோ பழுப்போ பக்கம் சாய்ந்த ஷேட்களில் பல பச்சை கலந்தவை, கவனம். இங்கே வேண்டியது செம்பழுப்பு கலந்த சாம்பல்.

பச்சை பீஜ், அதாவது காக்கிப் பக்கம் போவது: கல் நிறச் சாம்பல், லேசான பச்சையோடு. ரோஸும் ஊதாவும் ஆகாது.

தவிட்டு நிறம்தான் சுலபம். அதற்கு நடுநிலைச் சாம்பல்கூடப் பொருந்திவிடும்.

மன்செல் முறையில் எண் தரும் ஷேட் கார்டு கிடைத்தால் பேச்சு சுருங்கும். முதல் பகுதி நிறக் குடும்பம், அடுத்தது வெளிர்ப்பு, சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது நிறச்செறிவு. மஞ்சள் பீஜுக்கு 2.5 ஒய் முதல் 5 ஒய் வரை, ரோஸ் பீஜுக்கு 5 ஒய்ஆர் முதல் 7.5 ஒய்ஆர் வரை (ஒய் மஞ்சள், ஒய்ஆர் மஞ்சள்-சிவப்பு). செறிவு இரண்டுக்கும் 1 அல்லது அதற்கும் கீழே. 2 ஆகிவிட்டால் சுவர் சாம்பலிலிருந்து நழுவி பீஜாகிவிடும். கார்பெட்டும் சுவரும் ஒரே குடும்பம், சுவரில் செறிவு குறைவு என்ற இந்த ஒரு விதிதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடி.

மார்ச் 5, காலை 7.45 | பெயிண்ட் கலப்பவர்

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. அந்தச் சாம்பலை ஒரு சுவரில் மட்டும் அடித்திருக்கிறீர்கள், மற்ற மூன்றும் இன்னும் மஞ்சள். மஞ்சள் சுவர்களுக்கு நடுவே எந்தச் சாம்பலும் நீலம் அடிக்கும். நாலு சுவரும் மாறினால் அதில் ஒரு பங்கு குறையும். அந்த ஷேட்டைக் காப்பாற்றும் அளவுக்குக் குறையாது. ஆனால் அடுத்த மாதிரிகளைப் பழைய சுவர்மேல் நேராக அடித்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மாதிரிக்குப் பலகை தயாரியுங்கள்.

60 செ.மீ. சதுரத்தில் ஹார்ட்போர்டோ கெட்டியான வெள்ளை அட்டையோ போதும். ஹார்ட்போர்டின் பழுப்பு மேலே தெரியாமலிருக்க முதலில் வெள்ளை பிரைமர் ஒரு கோட். பிறகு மாதிரி எமல்ஷன் இரண்டு கோட், சுவருக்கு எந்த ரோலரோ அதே ரோலரில்; பிரஷ் வேண்டாம், கோடுகளின் நிழல் நிறத்தைக் கருக்கும். கோட்டுகளுக்கு நடுவே டப்பாவில் போட்ட இடைவெளி, பொதுவாக 2 முதல் 4 மணி நேரம். மேலேயும் பக்கங்களிலும் 4 செ.மீ. வெள்ளை ஓரம் விடுங்கள், அது பழைய சுவரின் மஞ்சளைத் தள்ளிவைக்கும். கீழ் ஓரம் வரை நிறம் இருக்கட்டும்.

ஈரத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எமல்ஷன் காயும்போது பெரும்பாலும் ஒரு சாயல் கருக்கும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

பலகையைக் கார்பெட் மேல் படுக்கவைத்துப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. படுத்திருக்கும் பலகைக்கு மேலிருந்து முழு வெளிச்சம் விழும். சுவருக்கு அது கிடைக்காது. அதே பெயிண்ட் சுவரில் கருத்துத்தான் தெரியும். நிமிர்த்திச் சுவரோடு ஒட்டி, ஸ்கர்டிங் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) இருந்தால் அதன் மேல் விளிம்பில், இல்லையென்றால் கார்பெட்டைத் தொட்டு நிற்கவையுங்கள். ஜன்னல் உள்ள சுவர், ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், பக்கச்சுவர் என்று மாற்றி மாற்றி. காலை, நடுப்பகல், மாலை, விளக்கொளி என நாலு நேரமும். ஜன்னல் உள்ள சுவர்தான் எப்போதும் மிகவும் இருண்டு தெரியும், அங்கே மட்டும் பார்த்து முடிவெடுத்தால் அறை முழுக்கத் தேவைக்கு மேல் வெளிறிப்போகும்.

மார்ச் 5, காலை 11.30 | கார்பெட் போடுபவர்

சாம்பல் நீலம் அடிக்கும் என்பது எல்லா அறைக்கும் பொருந்தாது. வெயில் நேராகக் கார்பெட் மேல் விழும் அறையில் நடப்பது தலைகீழ். வெயில் பட்ட கார்பெட் தன் நிறத்தைச் சுவரின் கீழ்ப்பாதியில் தெளிக்கும். ரோஸ் பீஜ் என்றால் ஸ்கர்டிங்கிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை சுவரில் ரோஸ் ஏறி நிற்கும், மேலே போகப்போகச் சாம்பலாகும். இப்படிப்பட்ட அறையில் இதமான சாம்பலை எடுத்தால் மதியத்தில் சுவரும் கார்பெட்டும் ஒரே குழம்பாகிவிடும். அங்கே நடுநிலைக்கு நெருக்கமான சாம்பல் போதும், மீதி இதத்தைக் கார்பெட்டே தந்துவிடும்.

மார்ச் 5, மதியம் 12.10 | பெயிண்ட் கலப்பவர்

சரியான திருத்தம். மேலே நான் எழுதியவை நேர் வெயில் வராத அறைக்கு. வெயில் விழும் அறைக்குச் செறிவை 0.5-க்குக் கீழே இறக்குங்கள், குடும்பத்தை மாற்ற வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த மரமிருந்தால் அதன் பச்சையும் உள்ளே வரும். ரோஸ் பீஜ் அறைக்கு அது இன்னும் கொஞ்சம் செம்பழுப்பு கேட்கும்.

மார்ச் 5, மாலை 6.20 | கேட்டவர்

எவ்வளவு வெளிறியதாக எடுப்பது? கார்டின் பின்பக்கம் எல்ஆர்வி என்று எண் இருக்கிறது. மேற்கூரை 2.7 மீட்டர்.

மார்ச் 5, இரவு 9.00 | பெயிண்ட் கலப்பவர்

எல்ஆர்வி என்பது விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தை அந்தப் பெயிண்ட் திருப்பி அனுப்பும் என்பது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. நிறம் சேர்ந்தும் அறை எடுபடாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த எண்தான். சுவரும் கார்பெட்டும் ஒரே அளவு வெளிர்ப்பில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே கோடு மங்கி, அறை சேற்று நிறமாகத் தெரியும். எந்தச் சாயலும் அதைச் சரிசெய்யாது.

வீட்டுக் கார்பெட்டின் எல்ஆர்வியைப் பெரும்பாலும் அச்சிட்டுத் தருவதில்லை. அதற்கு வழி: எல்ஆர்வி தெரிந்த சாம்பல் துண்டுகளைக் கார்பெட் மேல் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிறம் மறைந்து வெளிர்ப்பு மட்டும் தெரியும் நிலையில் எந்தத் துண்டு காணாமல் போகிறதோ அதன் எண்தான் கார்பெட்டின் எண். நடுத்தர பீஜ் கார்பெட் பெரும்பாலும் 30-க்கும் 43-க்கும் இடையில் விழும், மன்செல் வெளிர்ப்பில் 6 முதல் 7. இழைகளின் நடுவே விழும் நிழல் சேர்வதால் நூலின் நிறத்தைவிடக் கார்பெட் கருத்துத்தான் இருக்கும்.

சுவர் அதைவிட 15 முதல் 20 வரை மேலே இருக்கட்டும். உங்கள் கூடத்துக் கார்பெட் 40 முதல் 42 வரை இருந்தால் சுவர் 55 முதல் 62 வரை. வெளிச்சம் குறைந்த அறையில் 70-க்கு மேல் போனால் சாம்பல் என்றே தெரியாது, வெள்ளையில் அழுக்குப் படிந்தது போல நிற்கும். வெளிச்சம் குறைவு, அதனால் ரொம்ப வெளிறியது எடுப்போம் என்று தோன்றும். நிழலில் வெளிறிய சாம்பல் செத்துப்போகும், நடுத்தரச் சாம்பல்தான் நிறத்தோடு நிற்கும்.

மார்ச் 6, காலை 8.10 | பெயிண்ட் கலப்பவர்

சுவர் எப்போதும் கார்பெட்டைவிட வெளிறியே இருக்க வேண்டும் என்று மேலே உள்ளதைப் படித்தால் தோன்றலாம். வேண்டியது இடைவெளி மட்டும். 10 முதல் 15 எல்ஆர்வி உள்ள கரிச்சாம்பல் பீஜ் கார்பெட்டுக்கு மேல் அருமையாக நிற்கும். அழுக்குத் தோற்றம் மறைந்து கார்பெட் பளிச்சென்று வெளிறித் தெரியும். ஆனால் நாலு சுவரும் அப்படி அடிக்க நல்ல வெளிச்சம் வேண்டும். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் ஒன்றுக்கு மட்டும் தைரியமாகப் போடலாம். கரிச்சாம்பலிலும் சாயல் விதி அதேதான், நீலக் கரி வேண்டாம்.

மார்ச் 6, மதியம் 1.00 | கார்பெட் போடுபவர்

ஸ்கர்டிங் பற்றி ஒரு வார்த்தை. நீலம் கலந்த பளீர் வெள்ளையைக் கார்பெட்டை ஒட்டி அடித்தால், எவ்வளவு நல்ல சாம்பல் சுவரில் இருந்தாலும் பீஜ் பழையதாகத் தெரியும். கார்பெட்டுக்கு மிக அருகில் இருப்பது சுவர் இல்லை, ஸ்கர்டிங். வெள்ளையில் சுவரின் சாயல் ஒரு துளி கலந்திருக்கட்டும், எல்ஆர்வி 80 முதல் 85 போதும். கிரீம் வரை போகாதீர்கள், சாம்பல் பக்கத்தில் கிரீம் மஞ்சளாகிவிடும்.

மார்ச் 8, மாலை 4.40 | கேட்டவர்

கூடத்துக்கு இரண்டு பலகை. ஒன்று பகலில் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது, இரவிலும் அதே. இன்னொன்று பகலில் மிக அழகு. விளக்கைப் போட்டதும் பச்சை அடிக்கிறது. படுக்கையறைக்கு ஒன்று உடனே பொருந்திவிட்டது.

மார்ச் 8, இரவு 7.15 | பெயிண்ட் கலப்பவர்

இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், முதலில் பல்பைப் பாருங்கள். பெட்டியில் இரண்டு எண் இருக்கும். கெல்வின் என்பது ஒளியின் நிறம்: 2700 மஞ்சள், 4000 நடு, 6500 நீலம். சிஆர்ஐ என்பது அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பது. சிஆர்ஐ 80 உள்ள எல்இடி பலவற்றில் அடர்சிவப்பு ஒளி குறைவு. சாம்பலில் உள்ள கொஞ்சச் சிவப்பும் அங்கே தெரியாமல் போகும், மிஞ்சுவது பச்சை. பீஜ் கார்பெட்டும் சாம்பல் சுவரும் உள்ள அறைக்கு 3000 முதல் 3500 கெல்வின், சிஆர்ஐ 90-க்கு மேல். ஒரே அறையில் இரண்டு விதமான கெல்வின் இருந்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும், எல்லா விளக்கையும் ஒன்றாக்குங்கள்.

பல்பை மாற்றியும் பச்சை போகவில்லை என்றால் கலவையைத்தான் மாற்ற வேண்டும். டப்பாவின் மூடியில் ஒட்டிய சீட்டில் என்னென்ன ஸ்டெயினர் (கலக்கும் நிறச்சாயம்) போயிருக்கிறது என்று எழுதுங்கள்.

மார்ச் 8, இரவு 9.30 | கேட்டவர்

பிளாக், யெல்லோ ஆக்சைடு. அவ்வளவுதான். பல்பு 6500 கெல்வின், சிஆர்ஐ எண்ணே இல்லை.

மார்ச் 9, காலை 8.00 | பெயிண்ட் கலப்பவர்

அதுதான் விஷயம். கறுப்போடு மஞ்சளைச் சேர்த்தால் ஆலிவ் பச்சை வரும். நீலச் சாம்பலை இதமாக்க மஞ்சள் மட்டும் விட்டால் நீலம் போய்ப் பச்சை வந்து உட்காரும். துளி ரெட் ஆக்சைடு சேர்ந்தால்தான் பச்சை அடங்கும்.

ஸ்டெயினர் குணங்களைத் தெரிந்துகொண்டால் சீட்டைப் படித்தே பாதி முடிவு எடுக்கலாம். லாம்ப் பிளாக் வெள்ளையோடு சேர்ந்தால் நீலம். ரா அம்பர் பச்சைப் பக்கம் சாயும் பழுப்பு, மஞ்சள் பீஜுக்கும் காக்கி பீஜுக்கும் அதுதான் சிறந்த துணை. பர்ன்ட் அம்பர் சிவப்புப் பக்கம் சாயும், ரோஸ் பீஜுக்கு அது. யெல்லோ ஆக்சைடும் ரெட் ஆக்சைடும் நுணுக்கமாகத் திருத்த. தாலோ நீலம், தாலோ பச்சை ஆகியவற்றின் பெயர் சீட்டில் இருந்தால் பீஜ் கார்பெட் அறைக்கு அந்த ஷேட்டைத் தள்ளிவிடுங்கள். அவை மிக வலிமையானவை, துளியே அறை முழுக்கப் பேசும்.

திருத்துவதை முழு டப்பாவில் செய்யாதீர்கள். 200 மி.லி. தனியே எடுத்து, ஊசிக்குழாயில் 0.1 மி.லி. ரெட் ஆக்சைடு விட்டு, நன்றாகக் கலக்கி, அட்டையில் தடவி, ஹேர் டிரையரில் காயவைத்துப் பழைய பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு 0.1. பிடித்த அளவைக் குறித்துக்கொண்டு கடையில் அதே விகிதத்தில் இயந்திரத்தில் விடச் சொல்லுங்கள். 200 மி.லி.க்கு 0.1 என்றால் லிட்டருக்கு 0.5.

நிறம் சரி, ஆனால் அடர்த்தி அதிகம் என்றால் ஸ்டெயினர் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துக் கலக்கச் சொல்லலாம். வெளிறும்போது சாயல் சற்றே நகரும், அதற்கும் தனிப் பலகை வேண்டும்.

மார்ச் 11, காலை 10.20 | கேட்டவர்

3000 கெல்வின், சிஆர்ஐ 90 பல்பு போட்டதும் பச்சை முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு 0.1 ரெட் ஆக்சைடு போதுமானதாக இருந்தது. கூடமும் படுக்கையறையும் சந்திக்கும் கதவில் எந்தச் சாம்பலை எங்கே நிறுத்துவது? எவ்வளவு வாங்குவது?

மார்ச் 11, மதியம் 2.00 | பெயிண்ட் கலப்பவர்

கதவை மூடினால் எந்தப் பக்கம் எந்த அறையில் தெரிகிறதோ அந்தச் சாம்பல் அந்தப் பக்கம். நிலைக்கால் ஸ்கர்டிங்கின் வெள்ளையாகவே இருக்கட்டும், இரண்டு சாம்பலும் நேராகத் தொட்டுக்கொள்ளாது. இரண்டின் எல்ஆர்வியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கதவு திறந்திருக்கும்போதும் வேறு நிறம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அளவு இப்படி. 4 × 3.5 மீட்டர் அறை, உயரம் 2.7 என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 15, பெருக்கினால் 40.5 சதுர மீட்டர். கதவு 0.9 × 2.1, ஜன்னல் 1.5 × 1.2 கழித்தால் சுமார் 36.8. எமல்ஷன் லிட்டருக்கு ஒரு கோட்டில் 10 முதல் 12 சதுர மீட்டர் போகும். 11 என்று கொண்டால் இரண்டு கோட்டுக்கு 6.7 லிட்டர். பின்னால் கறை திருத்த அரை லிட்டர் சேர்த்து 7.2. புதுப் பட்டி பார்த்த சுவர் பிரைமர் இல்லாமல் குடித்துத் தீர்த்துவிடும், அங்கே இந்தக் கணக்கு நிற்காது.

ஒரே எண் போட்ட டப்பாக்களுக்குள்ளும் நிற வேறுபாடு இருக்கும், சாம்பலில் அது பளிச்சென்று தெரியும். எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டு அதிலிருந்து எடுங்கள். சுவரின் நடுவில் டப்பா மாறவே கூடாது.

மினுக்கம்: மேட் எடுங்கள். பளபளப்பு கூடக்கூடச் சுவரில் ஜன்னலும் கார்பெட்டும் பிரதிபலித்து, பலகையில் பார்த்த நிறம் சுவரில் இருக்காது. பலகை எந்த மினுக்கமோ சுவரும் அதே மினுக்கம்.

மார்ச் 11, மாலை 5.30 | கார்பெட் போடுபவர்

கார்பெட்டை எப்படிக் காப்பது என்று யாரும் இன்னும் பேசவில்லை.

பழைய சுவரைத் தேய்ப்பதென்றால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், வெள்ளைத் தூசி இழையின் அடிவரை இறங்கி பீஜைச் சாம்பலாக்கும். ஈரமாகத் தேயுங்கள், தரை முழுக்க மூடிய பிறகு. 48 மி.மீ. மாஸ்கிங் டேப்பின் பாதி அகலம் கார்பெட் மேல், மீதிப் பாதி ஸ்கர்டிங்குக்கும் கார்பெட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில். 10 செ.மீ. பட்டித் தகட்டால் இழையை அழுத்திக்கொண்டே டேப்பை உள்ளே தள்ளுங்கள். கார்பெட்டின் ஓரத்தைக் கையால் தூக்காதீர்கள், கீழே கார்பெட்டை இழுத்துப் பிடிக்கும் ஆணிப்பட்டை இருக்கிறது. ஒருமுறை கழன்றால் இழுவை போய்விடும். டேப்பின் மேல் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கின் மேல் கித்தான் துணி. பிளாஸ்டிக் மட்டும் விரித்தால் சொட்டு காயாமல் கிடந்து காலில் ஒட்டி அடுத்த அறைக்குப் போகும்.

சொட்டு விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள். கரண்டியால் மேலே அள்ளி, வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள், துணியை மாற்றி மாற்றி. தண்ணீரைக் கொட்டக் கூடாது. அடியில் சணல் இருந்தால் அந்த ஈரம் காயும்போது சணலின் பழுப்பை மேலே இழுத்துவரும். பெயிண்ட் போய்ப் பழுப்புக் கறை மிஞ்சும்.

மார்ச் 12, காலை 7.30 | பெயிண்ட் கலப்பவர்

டேப்பைக் கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத பதத்தில், 45 பாகைச் சாய்வில் மெதுவாக இழுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இழுத்தால் ஓரத்தில் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். அப்படி உரிந்தால் டேப் ஓரத்தைக் கூர்க்கத்தியால் கீறிவிட்டுத் தொடருங்கள்.

மிச்ச அரை லிட்டரைச் சின்ன, காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி, மூடியில் ஷேட் எண், 0.5 ரெட் ஆக்சைடு திருத்தம், அறையின் பெயர் மூன்றையும் எழுதிவையுங்கள். கறை திருத்தும்போது அதே ரோலர் வகை, கொஞ்சம் தண்ணீர் கலந்து, ஓரங்களைப் பரப்பி. பிரஷ்ஷால் தொட்டால் மேட் பெயிண்டிலும் திட்டு தெரியும்.